கோப்பை அலமாரியைப் பார்த்துச் சேராதீர்கள்

முப்பத்தைந்து வயதில் கராத்தே கற்கக் கிளம்பினேன். சேர்ந்த இடத்தின் வாசலில் கண்ணாடி அலமாரி நிறையக் கோப்பைகள். யார் வென்றவை, எந்த ஆண்டு, எத்தனை பேர் கலந்துகொண்ட போட்டி என்று எதையும் கேட்கவில்லை. ஓராண்டுக் கட்டணத்தை மொத்தமாகக் கட்டினால் தள்ளுபடி என்றார்கள், கட்டிவிட்டேன். இரண்டாம் மாதமே போக மனமில்லை, பணமும் திரும்பவில்லை. யாருக்கும் நான் சொல்வது இதுதான்: முதல் மூன்று மாதத்துக்கு மாதாமாதம் மட்டும் கட்டுங்கள்.

சேரும் முன் எல்லாரும் கேட்பது, எந்தக் கலை உசத்தி என்று. டேக்வாண்டோவில் உதைகள் அதிகம், ஜூடோவில் பிடித்து வீழ்த்துவது அதிகம், சிலம்பத்தில் கம்பு. வித்தியாசம் உண்டுதான். ஆனால் இரண்டு பஸ் மாறிப் போக வேண்டிய வகுப்பு, எவ்வளவு உசத்தியான கலையாக இருந்தாலும், ஐப்பசி மழையில் நின்றுபோகும்.

பெல்ட் விஷயத்தில்தான் அதிகம் ஏமாறுகிறோம். ஜூடோவை உருவாக்கிய ஜிகோரோ கானோ 1882இல் கோடோகன் என்ற ஜூடோப் பள்ளியைத் தொடங்கி, 'டான்' என்ற கறுப்புப் பட்டைப் படிநிலையைக் கொண்டுவந்தார். கராத்தேயை ஜப்பானில் பரப்பிய ஃபுனாகோஷி முதல் கறுப்புப் பட்டைகளை வழங்கியது 1924இல். மஞ்சள், பச்சை, நீலம் என்ற வண்ண வரிசை பள்ளிக்குப் பள்ளி மாறும். எல்லாருக்கும் பொதுவான அளவுகோல் கிடையாது. அதனால், மூன்று மாதத்துக்கொரு தேர்வு, தேர்வுக்கொரு கட்டணம், எழுதியவர் அனைவரும் தேர்ச்சி என்றால் அங்கே விற்பது பட்டை. யாராவது தேறாமல் போனதுண்டா என்று கேட்டுப் பாருங்கள். டேக்வாண்டோவில் சோதிக்க இன்னொரு வழி உண்டு: அதன் தலைமையகமான கொரியாவின் குக்கிவோன் முறைப்படி பதினைந்து வயதுக்குக் கீழே 'பூம்' என்ற சிறுவர் நிலைதான் தருவார்கள், 'டான்' அல்ல. பத்து வயதுப் பையன் டான் வாங்கியதாக விளம்பரப் பலகை சொன்னால், சான்றிதழ் யார் கொடுத்தது என்று விசாரியுங்கள்.

'ஒலிம்பிக் கலை' என்ற சொல்லும் அப்படித்தான். டேக்வாண்டோ 2000 முதல் பதக்கப் போட்டி. கராத்தே இருந்தது டோக்கியோவில் மட்டும்; 2024 பாரிஸில் இல்லை. வேலையில் விளையாட்டு ஒதுக்கீடு கிடைக்கும் என்று பிள்ளையைச் சேர்ப்பவர்கள், எந்தச் சங்கத்தின் சான்றிதழ், அதற்கு அரசு அங்கீகாரம் உண்டா என்பதை முதல் நாளே கேட்டுவிடுவது நல்லது.

சிலம்பத்தில் வேறொரு குழப்பம். மேடைக்காகச் சுற்றுவதும் எதிராளியைத் தொட்டுப் புள்ளி எடுப்பதும் ஒரே பெயரில் நடக்கின்றன. இரண்டும் நல்லவை, உங்களுக்கு எது வேண்டும் என்று தெரிந்திருந்தால். காலடி பழகாத பிள்ளையின் கையில் முதல் வாரமே இரண்டு கம்புகளைக் கொடுத்துச் சுற்றச் சொன்னால், வரப்போவது ஆண்டுவிழா நிகழ்ச்சி. நெற்றி உயரம் வரும் கம்பே வழக்கம்; அளவு பாராமல் கையில் கிடைத்ததை எடுத்து நீட்டும் இடத்தில் மற்றதையும் அப்படித்தான் சொல்லித்தருவார்கள்.

தரையைப் பாருங்கள். நான் முதலில் சேர்ந்தது மொட்டைமாடி சிமெண்ட் தரை. விழப் பழக்காமலே ஒருவரை ஒருவர் தள்ளிவிடச் சொன்னார்கள். கையை ஊன்றி விழுந்தேன். மணிக்கட்டு வீங்கிப் பத்து நாள் இட்லியை இடது கையால் சாப்பிட்டேன்.

அடுத்த இடத்தில் முதலில் ஒரு மாலை வேடிக்கை மட்டும் பார்த்தேன். முன்வரிசையில் பறக்கும் உதைகள் விட்டவர்களை விட்டுவிட்டுக் கடைசி வரிசையைக் கவனித்தேன். ஒரு சிறுமி திரும்பத் திரும்பக் காலைத் தவறாக வைத்தாள். ஆசிரியர் கத்தவில்லை, வந்து தரையில் அமர்ந்து, அவள் குதிகாலை இரண்டு விரலால் பிடித்துத் திருப்பி வைத்தார். மறுபடி தவறியது, மறுபடி திருப்பினார். வகுப்பு முடிந்ததும் பர்ஸை எடுத்தேன். "பணம் இருக்கட்டும் சார், இன்னும் ரெண்டு நாள் வந்து பாருங்க" என்றார். அங்கேதான் சேர்ந்தேன்.