பணப் புத்தகங்களை எந்த வரிசையில் படிக்கலாம்?

ஈரோட்டில் ஒரு ஜவுளிக்கடையில் கணக்கு எழுதுகிறேன். பகலெல்லாம் முதலாளியின் லட்சங்களைக் கூட்டிக் கழித்துவிட்டு, 20ஆம் தேதி ஆனால் கைமாத்து கேட்டு நின்ற ஆள்.

முதலில் ஜார்ஜ் கிளாசனின் 'தி ரிச்சஸ்ட் மேன் இன் பாபிலோன்' படியுங்கள். 1926இல் வந்தது, கதை மாதிரி ஓடும். வருமானத்தில் பத்தில் ஒரு பங்கை முதலில் எடுத்து வை என்பதுதான் சாரம். படித்ததும் மூடி வைக்காதீர்கள். எனக்குச் சம்பளம் 24,000. அன்றே தபால் ஆபீசில் மாதம் 2,400க்கு ஆர்.டி. போட்டேன். முதல் மூன்று மாதம் மூச்சு முட்டியது, பொய் சொல்லவில்லை.

அடுத்தது மோனிகா ஹலனின் 'லெட்ஸ் டாக் மணி' (2018). நம் ஊர்ச் சம்பளக்காரர்களுக்கு இதுதான் அதிகம் உதவும். வரவுக்கு, செலவுக்கு, முதலீட்டுக்கு என மூன்று வங்கிக் கணக்கு வைக்கச் சொல்கிறார். அவசரகாலப் பணம், மருத்துவக் காப்பீடு, டேர்ம் பாலிசி (நாம் இறந்தால் மட்டும் குடும்பத்துக்குப் பணம் தரும் ஆயுள் காப்பீடு) எல்லாம் முடித்த பிறகுதான் முதலீடு. காப்பீட்டையும் சேமிப்பையும் ஒன்றாகக் குழைத்த பாலிசியை ஒரு ஏஜென்ட் அண்ணன் என் தலையில் கட்டியிருந்தார். இந்தப் புத்தகத்தை வைத்துக்கொண்டு கணக்குப் போட்டபோதுதான் வயிறு எரிந்தது.

பங்குச்சந்தைக்குத் தமிழில் சோம. வள்ளியப்பனின் 'அள்ள அள்ளப் பணம்' போதும். பெஞ்சமின் கிரஹாமின் 'தி இன்டெலிஜென்ட் இன்வெஸ்டர்' தடித்தது. 8, 20 ஆகிய இரண்டு அத்தியாயங்களை மட்டும் நிதானமாகப் படியுங்கள்.