ஹெமோன் ஓடி வந்தவர் அல்லர்

போஸ்னியாவில் பிறந்து ஆங்கிலத்தில் எழுதும் எழுத்தாளர் அலெக்சாந்தர் ஹெமோனைப் பற்றிய அறிமுகம் "போரிலிருந்து உயிர்தப்பி ஓடியவர்" என்று தொடங்கினால் முதல் வரியிலேயே சறுக்கல். 1992 தொடக்கத்தில், போஸ்னியப் போருக்கு முன்பே, பண்பாட்டுப் பரிமாற்றப் பயணமாக அமெரிக்கா போன 27 வயதுப் பத்திரிகையாளர் அவர். மே 1 அன்று சிகாகோவிலிருந்து ஊர் திரும்பவேண்டும். ஏப்ரலில் அவருடைய ஊரை, போஸ்னியத் தலைநகர் சரயேவோவை, சுற்றியுள்ள மலைகளிலிருந்து செர்பியப் படைகளின் முற்றுகை சூழ்ந்தது; திரும்பும் பயணத்தைக் கைவிட்டார். முற்றுகை 1,425 நாட்கள் நீடித்தது. தன் ஊர் குண்டடி படுவதை வேற்றூர்த் தொலைக்காட்சியில் பார்த்துக்கொண்டிருந்தவனின் குறுகுறுப்புதான் அவர் எழுத்தில் உறுத்திக்கொண்டே இருப்பது. தப்பி வந்தவராக்கிவிட்டால் அந்த உறுத்தலுக்குக் காரணமே புரியாது.

அடுத்தது, போஸ்னியர், போஸ்னியாக் என்ற இரண்டையும் ஒன்றாக்குவது. முன்னது நாட்டைச் சேர்ந்தவர். பின்னது அங்குள்ள முஸ்லிம் இனத்தவர். ஹெமோனின் தந்தைவழி உக்ரைனியர், தாய் செர்பியர். ஆகவே அவர் போஸ்னியர்தான், போஸ்னியாக் அல்லர். 'செர்பியர் எல்லாரும் மலைமேல், முஸ்லிம்கள் எல்லாரும் ஊருக்குள்' என்ற கணக்கும் இந்த வீட்டு வாசலிலேயே உடைந்துபோகிறது. பீரங்கிப் பக்கம் போனவர்களும் படிப்பறிவற்ற முரடர்கள் மட்டுமில்லை. பல்கலைக்கழகத்தில் ஹெமோனுக்கு இலக்கியம் கற்பித்த நிகோலா கோல்யெவிச், ஷேக்ஸ்பியர் ஆய்வாளர், போஸ்னிய செர்பியர்களின் தலைவர் கராஜிச்சின் துணைத் தலைவர்களில் ஒருவரானார். தன்னுடைய ரசனையை அந்தக் கையா வடித்தது என்று ஹெமோன் பின்னால் கலங்கி எழுதியிருக்கிறார்.

"ஆங்கிலமே தெரியாமல் வந்து மூன்றே ஆண்டில் சாதித்தார்" என்பது கேட்க இனிக்கும், ஆனால் உண்மையில்லை. வாசிக்கும் அளவுக்கு ஆங்கிலம் இருந்தது. கதை எழுதும் அளவுக்கு இல்லை. கிரீன்பீஸ் என்ற சுற்றுச்சூழல் அமைப்புக்காக வீடு வீடாக ஏறி நன்கொடை கேட்டும் புத்தகக் கடையில் விற்றும் பிழைத்தபடி, ரஷ்யாவில் பிறந்து ஆங்கிலத்தில் எழுதிய நபகோவைப் படித்துத் தெரியாத சொற்களை அடிக்கோடிட்டு அகராதியில் தேடினார். 1995-இல் ஆங்கிலத்தில் எழுதத் தொடங்கினார். தாய்மொழியை விட்டுவிட்டார் என்பதும் தவறு. சரயேவோவின் 'தானி' வார இதழில் போஸ்னிய மொழியில் பத்தி எழுதியிருக்கிறார்.

கதைகளில் வரும் யோசெஃப் புரோனெக்கும் சரயேவோக்காரன், அவனும் சிகாகோவில் மாட்டிக்கொள்கிறான். அதற்காக அவனை ஹெமோன் என்று மேற்கோள் காட்டிவிடாதீர்கள்.

சோகத்தை மட்டும் எதிர்பார்த்துப் போகிறவர்களுக்கு இன்னொன்று: ஆள் கால்பந்துப் பித்தர், நையாண்டிக்காரர். 2021-இல் வந்த நான்காவது மேட்ரிக்ஸ் படத்தின் திரைக்கதையிலும் அவர் பெயர் இருக்கிறது.