கயிறு தேடும் கைகள்: ரத்த ஓட்டத்தைப் பற்றி நம் கடற்கரையில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

பாம்பனிலிருந்து தொண்டி வரை எந்தக் கரையில் கேட்டாலும், கடலில் அடிபட்டவருக்கு முதலில் செய்வது ஒன்றுதான்: கட்டு. திருக்கை முள் ஏறினால் கணுக்காலுக்கு மேல் கயிறு. வலையோடு வந்த கடல் பாம்பு விரலைக் கடித்தால் மணிக்கட்டில் கயிறு. வின்ச்சில் கை மாட்டிக் கிழிந்தால், கைலியைக் கிழித்து முழங்கைக்கு மேல் ஒரு கட்டு. விஷம் ஏறிவிடக் கூடாதே, ரத்தம் போய்விடக் கூடாதே என்ற பதற்றத்தில் கூட இருப்பவர்கள் அன்போடுதான் செய்கிறார்கள். அந்தக் கட்டே சில நேரம் விரலை, காலைப் பறித்துவிடுகிறது. "கட்டாதீர்கள்" என்று வெறுமனே சொன்னால் யாரும் கேட்க மாட்டார்கள். ரத்தம் எப்படி ஓடுகிறது என்பது மனதில் பதிந்தால் கை தானாக மாறும். அதனால் அங்கிருந்தே தொடங்குகிறேன்.

இதயத்திலிருந்து புறப்படும் ரத்தம் கை கால்களுக்குப் போய் அங்கேயே செலவாகிவிடுகிறது என்றுதான் நம்மில் பலர் நினைத்துக்கொண்டிருக்கிறோம். இரண்டாம் நூற்றாண்டில் ரோமில் வைத்தியம் பார்த்த கேலனும் அப்படித்தான் சொன்னார். உணவிலிருந்து கல்லீரல் ரத்தத்தை உண்டாக்குகிறது, வாய்க்கால் தண்ணீர் வயலில் சுவறுவதுபோல் அது உறுப்புகளில் சுவறிவிடுகிறது என்பது அவர் எண்ணம். 13-ஆம் நூற்றாண்டில் கெய்ரோவில் வாழ்ந்த இப்னு அல் நஃபீஸ், இதயத்தின் வலப்பக்கத்து ரத்தம் நுரையீரல் வழியாகத்தான் இடப்பக்கம் வந்து சேர்கிறது என்று எழுதினார். முழு வட்டத்தையும் காட்டியவர் இங்கிலாந்தின் வில்லியம் ஹார்வி. அவருடைய நூல் 1628-இல் வந்தது.

அவர் செய்தது எளிய பெருக்கல்தான். இன்றைய அளவுகளை வைத்து நாமே போட்டுப் பார்க்கலாம். இதயம் ஒரு துடிப்புக்கு ஏறக்குறைய 70 மில்லி ரத்தத்தைத் தள்ளுகிறது. நிமிடத்துக்கு 72 துடிப்பு என்றால் 5 லிட்டர், மணிக்கு 300 லிட்டர். இவ்வளவு ரத்தத்தை எந்தக் கல்லீரல் உண்டாக்க முடியும்? பெரியவர் ஒருவர் உடம்பில் இருப்பதே சுமார் 5 லிட்டர்தான். அப்படியானால் போன ரத்தமேதான் திரும்பி வருகிறது, ஏறக்குறைய நிமிடத்துக்கு ஒரு சுற்று. இதயத்தின் இடது வெண்ட்ரிக்கிளிலிருந்து (கீழ் அறை) பெருந்தமனி, அதன் கிளைத் தமனிகள், தலைமுடியைவிட மெல்லிய தந்துகிகள், பிறகு ரத்தத்தை இதயத்துக்குத் திருப்பிக் கொண்டுவரும் சிரைகள், வலது ஆரிக்கிள் (மேல் அறை), வலது வெண்ட்ரிக்கிள், நுரையீரல், மறுபடி இடது பக்கம். தந்துகியை ஹார்வி கண்ணால் பார்த்ததில்லை. 1661-இல் மார்செல்லோ மல்பீகி தவளையின் நுரையீரலில் நுண்ணோக்கி வைத்துப் பார்த்த பிறகுதான் வட்டத்தில் விட்டுப்போயிருந்த அந்த இடம் நிரம்பியது.

நமக்கு வேண்டிய பாடம் ஹார்வியின் இன்னொரு சோதனையில் இருக்கிறது. அவரும் கையில் கட்டுத்தான் போட்டார். நன்றாக இறுக்கிக் கட்டியபோது மணிக்கட்டில் நாடி நின்றது, கை குளிர்ந்தது. கட்டைக் கொஞ்சம் தளர்த்தினார். நாடி திரும்பியது, ஆனால் கை வீங்கிச் சிவந்தது, சிரைகள் புடைத்தன. காரணம் இதுதான். தமனிகள் ஆழத்தில் இருக்கின்றன, அவற்றில் அழுத்தம் அதிகம். சிரைகள் பல தோலுக்குக் கீழேயே இருக்கின்றன, அழுத்தம் மிகக் குறைவு. அரைகுறையாகக் கட்டினால் சிரை மட்டும் அடைபடும். ரத்தம் உள்ளே வந்துகொண்டே இருக்கும், திரும்பிப் போக வழி இருக்காது.

கரையில் நாம் போடும் கட்டுகள் பெரும்பாலும் இந்த இரண்டாம் வகை. கிழிந்த கையில் அரைகுறையாகக் கட்டினால், சிரையில் ரத்தம் தேங்கி, காயத்திலிருந்து முன்பைவிட அதிகமாக வழியும். செய்ய வேண்டியது வேறு: சுத்தமான துணியை மடித்துக் காயத்தின் மேலேயே வைத்து, உள்ளங்கையால் பலமாக அழுத்த வேண்டும். எடுத்து எடுத்துப் பார்க்காமல் பத்து நிமிடமாவது அழுத்த வேண்டும். துணி நனைந்தால் அதன் மேலேயே இன்னொன்று. புரொப்பெல்லர் வெட்டிப் பிரகாசமான சிவப்பில் ரத்தம் பீய்ச்சி அடிக்கிறது, அழுத்தியும் நிற்கவில்லை, உயிரே போய்விடும் என்ற நிலை வந்தால் மட்டும் காயத்துக்கு மேலே அகலத் துணியால் கட்டலாம். அப்போது ரத்தம் நிற்கும் அளவுக்கு முழுமையாக இறுக்க வேண்டும், கட்டிய மணியைக் குறித்துக்கொள்ள வேண்டும். இரண்டு மணி நேரத்துக்கு மேல் போனால் அந்தக் கை அல்லது காலுக்கு ஆபத்து.

திருக்கைக்கும் கடல் பாம்புக்கும் வருவோம். திருக்கை முள்ளின் விஷம் சூட்டில் சிதையக் கூடியது. காலைக் கட்டாமல், பொறுக்கக்கூடிய வெந்நீரில், சுமார் 45 டிகிரி, 30 முதல் 90 நிமிடம் வைத்தால் வலி பெரும்பாலும் இறங்கும். குத்துப்பட்ட காலுக்கு வலியில் சூடு தெரியாது, அதனால் கூட இருப்பவர் தன் கையை விட்டுப் பார்த்துச் சொல்ல வேண்டும். முள் துண்டு உள்ளே ஒடிந்திருக்கலாம், டெட்டனஸ் தடுப்பூசியும் வேண்டும், ஆகவே ஆஸ்பத்திரிக்குப் போவதைத் தவிர்க்க முடியாது. மார்பிலோ வயிற்றிலோ கழுத்திலோ முள் ஏறியிருந்தால் பிடுங்கவே கூடாது. உள்ளே எந்தத் தமனியை அது அடைத்துக்கொண்டு நிற்கிறதோ தெரியாது.

கடல் பாம்பு கடித்தால் பல நேரம் வலியே இருக்காது. "சும்மா கீறியிருக்கு" என்று மறுபடி வலை இழுக்கப் போவதுதான் பெரிய தவறு. சில மணி நேரத்துக்குள் உடம்பெல்லாம் தசை வலி, கண் இமை தொங்குதல், சிறுநீர் கறுத்துப் போதல் என்று வரலாம். விஷம் தசையைச் சிதைத்து, அந்தச் சிதைவு சிறுநீரகத்தை அடைக்கிறது. பல பாம்பு விஷங்கள் முதலில் ரத்தத்தைவிட நிணநீர் (திசுக்களிலிருந்து தனிக் குழாய்களில் மெல்ல ஓடும் தெளிந்த திரவம்) வழியாகத்தான் அதிகம் பரவுகின்றன. நிணநீரை நகர்த்துவது தசை அசைவு. ஆகவே கயிற்றைவிட அசையாமல் இருப்பதுதான் அதிகம் உதவும். கடிபட்ட கையைப் பலகையோடு சேர்த்து அசையாமல் கட்டி, ஆளைப் படுக்க வைத்துத் தூக்கிக்கொண்டு போக வேண்டும், நடக்க விடக் கூடாது. நம் நாட்டில் கிடைக்கும் விஷமுறிவு மருந்து நாகம், கட்டுவிரியன், கண்ணாடி விரியன், சுருட்டை விரியன் ஆகிய நான்குக்குத்தான். கடல் பாம்புக்குச் செயற்கைச் சுவாசமும் டயாலிசிஸும்தான் உயிர் காக்கும், அதனால் பெரிய ஆஸ்பத்திரியை எவ்வளவு சீக்கிரம் அடைகிறோம் என்பதே முக்கியம். யாராவது ஏற்கெனவே இறுக்கிக் கட்டிவிட்டிருந்தால், பதறி அறுத்துவிடாதீர்கள். தேங்கிய விஷம் ஒரேயடியாக ஏறும். மருத்துவர் முன்னால் அவிழ்க்கட்டும்.

கெட்ட ரத்தம் என்று ஒன்று

கையில் நீலமாகத் தெரியும் நரம்பை அசுத்த ரத்தம் என்று சொல்கிறோம். முதலில், அது நரம்பு இல்லை, சிரை. நீலம் என்பது தோல் வழியாக ஒளி சிதறுவதால் தெரியும் நிறம். சிரை ரத்தமும் சிவப்புதான், கொஞ்சம் கருஞ்சிவப்பு. ஆக்சிஜனைக் கொடுத்துவிட்டு வந்த அதே ரத்தம் நுரையீரலைத் தொட்டதும் மறுபடி பளிச்சென்று ஆகிறது. தமனி என்றாலே நல்ல ரத்தம் என்பதும் சரியல்ல. நுரையீரல் தமனி ஆக்சிஜன் குறைந்த ரத்தத்தையும், நுரையீரல் சிரை ஆக்சிஜன் நிறைந்த ரத்தத்தையும் கொண்டுபோகின்றன. கடிவாயைக் கீறி "கெட்ட ரத்தத்தை" வெளியேற்றுவதாலும் வாயால் உறிஞ்சுவதாலும் விஷம் வெளியே வருவதில்லை. நல்ல ரத்தம் வீணாகிறது, சீழ் பிடிக்கிறது.

மூச்சை இழுத்து இழுத்து விடுவது

கீழக்கரைப் பக்கம் சங்கு குளிக்கப் போகிறவர்களுக்கும், மண்டபம், சின்னப்பாலம் பகுதிகளில் தீவுகளை ஒட்டிப் பாசி எடுக்கும் பெண்களுக்கும் இதை ஒவ்வொருவராகப் பார்த்துச் சொல்ல வேண்டும் என்று தோன்றும். முங்குவதற்கு முன் பத்து இருபது முறை வேக வேகமாக மூச்சை இழுத்து விட்டால் ரத்தத்தில் ஆக்சிஜன் ஏறும், கூடுதல் நேரம் தம் பிடிக்கலாம் என்று நம்புகிறார்கள். கூடுதல் நேரம் பிடிக்க முடிவது உண்மை. காரணம்தான் வேறு, அதில்தான் உயிர் ஆபத்து இருக்கிறது.

சாதாரணமாக மூச்சு விடும்போதே ரத்தத்தில் ஆக்சிஜனைச் சுமக்கும் ஹீமோகுளோபின் 95 சதவீதத்துக்கு மேல் ஆக்சிஜனால் நிரம்பியிருக்கும். அதற்கு மேல் ஏற்ற இடமில்லை. வேக மூச்சு செய்வதெல்லாம் கரியமில வாயுவைக் குறைப்பது. "மேலே போ, மூச்சு விடு" என்று மூளைக்கு அவசரம் கொடுப்பது பெரும்பாலும் ஆக்சிஜன் குறைவு அல்ல, கரியமில வாயு கூடுவதுதான். அதை முன்னாலேயே வெளியேற்றிவிட்டால் எச்சரிக்கை வரத் தாமதமாகும். ஆக்சிஜன் மட்டும் வழக்கம்போல் இறங்கிக்கொண்டே இருக்கும். பத்து மீட்டர் ஆழத்தில் அழுத்தம் மேற்பரப்பைப் போல இரண்டு மடங்கு, அது நுரையீரலில் இருக்கும் ஆக்சிஜனை ரத்தத்துக்குள் தள்ள உதவுகிறது. மேலே ஏறும்போது அந்த அழுத்தம் பாதியாகிறது. கரையேறப் போகிறோம் என்ற கடைசிச் சில மீட்டரில், எந்த அறிகுறியும் இல்லாமல் நினைவு தப்புகிறது. நீந்தத் தெரிந்தவர், பல வருடம் முங்கியவர் என்பதெல்லாம் அப்போது உதவாது. இயல்பாக மூச்சு விட்டு, ஒரு மூச்சு நிறைய இழுத்து முங்குங்கள். ஒருவர் கீழே இருக்கும்போது இன்னொருவர் மேலே இருந்து பார்த்துக்கொள்ளுங்கள், வந்த பிறகும் அரை நிமிடம் அவர் முகத்தைக் கவனியுங்கள்.

தண்ணீரிலிருந்து தூக்கிக் கொண்டு வந்தவரைத் தலைகீழாகச் சுற்றுவதும் வயிற்றை அமுக்கித் தண்ணீர் எடுப்பதும் இன்றும் நடக்கிறது. அந்த நிமிடங்களில் மூளைக்கு ஓட்டமே இல்லை. மூச்சு இல்லையென்றால் மல்லாக்கப் படுக்க வைத்து, மூக்கைப் பிடித்து, வாயோடு வாய் வைத்து முதலில் ஊதுங்கள், பிறகு மார்பை அழுத்துங்கள்: 30 அழுத்தம், 2 மூச்சு, விடாமல். இதயம் இடப்பக்கம் என்று நினைத்து இடது மார்பை அழுத்துகிறார்கள். இதயம் மார்பெலும்புக்குப் பின்னால், நடுவில்தான் இருக்கிறது. அதன் நுனி மட்டும் இடப்பக்கம் சாய்ந்திருக்கிறது, துடிப்பு அங்கே கேட்பதால் இந்தக் குழப்பம். நடு மார்பெலும்பின் கீழ்ப்பாதியில் 5 சென்டிமீட்டர் இறங்கும்படி, நிமிடத்துக்கு 100 முதல் 120 முறை. எலும்புக்கும் முதுகெலும்புக்கும் இடையில் இதயம் நசுங்கி விரியும்போதுதான் ரத்தம் நகரும்.

வாலிநோக்கம் உப்பளத்தில் வெயிலில் நின்று மயங்கி விழுபவரை உட்கார வைத்துச் சோடா கொடுப்பதும் இதே வகைதான். வியர்வையில் நீர் போய் ரத்த அளவு குறைந்திருக்கிறது, அவரை நிமிர்த்தினால் தலைக்கு ஏறாது. நிழலில் படுக்க வைத்துக் காலை உயர்த்துங்கள். நன்றாக நினைவு திரும்பிய பிறகே குடிக்கக் கொடுங்கள்.

வாய்வு என்று சொல்லிக்கொண்டு

நெஞ்சை அடைப்பதுபோல் வலி வந்தால், பூண்டும் ஓமத் தண்ணீரும் தேடுகிறோம். "நெஞ்சு நிறைய ரத்தம் இருக்கிறதே, அதற்கு எப்படிப் பஞ்சம் வரும்?" என்று கேட்பவர்கள் உண்டு. நல்ல கேள்வி. இதயத்தின் தடித்த சுவர் தனக்குள் இருக்கும் ரத்தத்தை எடுத்துக்கொள்ள முடியாது. பெருந்தமனி தொடங்கும் இடத்திலேயே பிரியும் இரண்டு சிறு தமனிகள்தான் அதற்கு உணவு. அவற்றில் ஒரு கிளை அடைந்தால், ஐந்து லிட்டர் ஓடிக்கொண்டிருந்தாலும் அந்தப் பகுதித் தசை பட்டினியால் சாகத் தொடங்கும். இடது கை வலித்தால்தான் மாரடைப்பு என்பதும் இல்லை. தாடை, முதுகு, மேல்வயிறு எங்கும் வரலாம். பெண்களுக்கும் சர்க்கரை நோயாளிகளுக்கும் வெறும் மூச்சிரைப்பும் களைப்பும் குளிர்ந்த வியர்வையுமாக முடிந்துவிடலாம்.

ராமேஸ்வரம் தீவிலிருந்து பாலத்தைத் தாண்டி ராமநாதபுரம் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனை ஐம்பது கிலோமீட்டருக்கு மேல். பைக்கில் நடுவில் உட்கார வைத்து நேரே அங்கே ஓட்டாதீர்கள். 108-ஐ அழையுங்கள், அதுவரை அவரைச் சாய்த்து உட்கார வையுங்கள், நடக்க விடாதீர்கள். பக்கத்தில் ஆரம்ப சுகாதார நிலையம் இருந்தால் முதலில் அங்கே. 2023-இல் தொடங்கிய "இதயம் காப்போம்" திட்டத்தில், ரத்தம் உறைவதைத் தடுக்கும் முதல் கட்ட மாத்திரைகளை அங்கேயே கொடுத்துவிட்டுத்தான் மேல் ஆஸ்பத்திரிக்கு அனுப்புவார்கள்.