உங்கள் வார்டு மக்கள் நலமா? தெருத்தெருவாக வரைபடம் போட்டுப் பாருங்கள்

திருப்பூர் மாநகராட்சியில் 60 வார்டுகள். வார்டுக்கு ஒரு சராசரி எடுத்து நிறம் தீட்டினால் படம் பளிச்சென்று வரும், ஆனால் நொய்யல் ஆற்றோரம் வரிசையாக ஒட்டிக் கட்டிய லைன் வீடும் நாலு தெரு தள்ளி இருக்கிற மாடி வீடும் அதில் ஒரே நிறமாகிவிடும். கஷ்டம் எங்கே என்பதுதான் நமக்குத் தெரிய வேண்டும். அதனால் முழு ஊரையும் இழுத்துப் போட்டுக்கொள்ளாமல் ஒரே ஒரு வார்டை எடுங்கள், அதையும் தெருத்தெருவாக.

தெருப்படத்துக்கு ஓப்பன்ஸ்ட்ரீட்மேப் என்கிற இணைய வரைபடம் இருக்கிறது, இலவசம். சந்துகள் விடுபட்டிருந்தால் நடந்து பார்த்து நீங்களே சேர்க்கலாம்.

அடுத்தது கேள்விகள். உலக சுகாதார நிறுவனத்தின் ஐந்து கேள்விப் பட்டியல் ஒன்று இருக்கிறது. கடந்த 2 வாரங்களில் மனசு உற்சாகமாக இருந்ததா, அமைதியாக இருந்ததா, உடம்பு சுறுசுறுப்பாக இருந்ததா, தூங்கி எழும்போது தெம்பாக இருந்ததா, அன்றாட வாழ்க்கையில் பிடித்த விஷயங்கள் இருந்தனவா என்று கேட்டு ஒவ்வொன்றுக்கும் 0 முதல் 5 வரை மதிப்பெண் போட வேண்டும். கூட்டினால் அதிகபட்சம் 25, அதை 4ஆல் பெருக்கினால் 100க்கு எவ்வளவு என்று வந்துவிடும். இதோடு நல்ல தண்ணி எத்தனை நாளைக்கு ஒருமுறை வருகிறது என்பதையும் கேட்டுவிடுங்கள். பனியன் கம்பெனிக்குப் போகிறவர்களை ஞாயிற்றுக்கிழமைதான் வீட்டில் பிடிக்க முடியும். இந்தி பேசுகிற ஒருவரையும் கூட்டிப் போங்கள், இல்லாவிட்டால் வடக்கேயிருந்து வந்து இங்கே தங்கி வேலை செய்கிறவர்கள் படத்திலேயே இருக்க மாட்டார்கள்.

என்னைக் கேட்டால், இதைவிட முக்கியம் பொட்டு ஒட்டுகிற வேலை. தெருப்படத்தைப் பெரிய தாளில் அச்செடுத்து லைன் வீட்டு வாசலில் விரியுங்கள். பயமான இடத்தில் சிவப்பு ஸ்டிக்கர் பொட்டு, உட்கார்ந்து பேசப் பிடித்த இடத்தில் மஞ்சள் பொட்டு. பெண்களுக்குத் தனியாக, ஆண்களுக்குத் தனியாக வையுங்கள், ஏனென்றால் கூட ஆம்பளைகள் இருந்தால் அக்காமார் வாயே திறக்க மாட்டார்கள். "இந்தப் பாலத்துக்கு அடியில லைட்டே எரியறதில்லீங்க, நைட் ஷிப்ட் முடிஞ்சா சுத்தித்தான் வர்றோம்" என்று ஒருவர் பொட்டு வைத்தால், அடுத்தவர் கையும் அதே இடத்துக்குப் போகும். எந்த மதிப்பெண்ணிலும் இது வராது.

இனி கிடைத்த பதில்களை க்யூஜிஐஎஸ் என்கிற வரைபட மென்பொருளில் ஏற்றலாம், அதுவும் இலவசம். தெருவுக்கு எத்தனை பேர் கஷ்டத்தில் இருக்கிறார்கள் என்று காட்டாமல் சராசரியையோ சதவீதத்தையோ காட்டுங்கள், இல்லையென்றால் வீடு அதிகமுள்ள தெருவெல்லாம் மோசமாகத் தெரியும். ஒரே நிறத்தில் வெளிறியதிலிருந்து அடர்த்தி வரை நாலு படி போதும். சிவப்பு, பச்சை வித்தியாசம் தெரியாதவர்களும் நம்மிடையே இருக்கிறார்கள். பத்துப் பேருக்குக் குறைவாகப் பதில் சொன்ன தெருவைப் பக்கத்துத் தெருவோடு சேருங்கள், தகவலே இல்லாத தெருவைச் சாம்பல் நிறத்தில் விடுங்கள். எந்த வீட்டின் மேலும் புள்ளி வைக்கவே கூடாது. மனசு சரியில்லை என்று நம்பிச் சொன்னவரை ஊருக்கே காட்டிக்கொடுத்த மாதிரி ஆகிவிடும்.

அப்புறம் தெருவிளக்கு, தண்ணி வரும் இடைவெளி, பொட்டுகள் எல்லாவற்றையும் ஒன்றன்மேல் ஒன்றாக வைத்துப் பாருங்கள். இரண்டு விஷயங்கள் ஒரே இடத்தில் இருப்பதாலேயே ஒன்றுதான் மற்றதற்குக் காரணம் என்று முடிவு கட்டாமல், படத்தை அதே வாசலுக்கு எடுத்துப் போய் "இது சரிங்களா?" என்று கேளுங்கள். அவர்கள் திருத்திக் கொடுத்த படத்தில் ஒரே ஒரு கோரிக்கையை மட்டும் வட்டமிட்டு, கவுன்சிலர் வருகிற பகுதி சபைக் கூட்டத்துக்கு அந்தத் தெருக்காரர்களையே கொண்டுபோகச் சொல்லுங்கள்.