பதிப்பகம் பணம் கேட்டால்: முதல் நூல் வெளியிடுவோர் கவனிக்க வேண்டியவை

"உங்கள் நூலை வெளியிடுகிறோம், அச்சுச் செலவை மட்டும் நீங்கள் ஏற்றுக்கொள்ள வேண்டும்" என்ற பதில் தமிழில் முதல் நூல் எழுதும் பலருக்கும் வருகிறது. கவிதைத் தொகுப்பு என்றால் அதுவே ஏறக்குறைய நடைமுறையாகிவிட்டது. நூல் கையில் வந்தால் போதும் என்ற ஆவலில் பலர் கணக்குப் பார்க்காமல் சம்மதித்துவிடுகிறார்கள். பதிப்பகத்தின் பெயர் அட்டையில் இருப்பதற்காகப் பணம் கொடுக்கக் கூடாது என்பதே என் உறுதியான கருத்து. அச்சு, வடிவமைப்பு, மெய்ப்பு (அச்சுக்கு முன் பிழை பார்த்துத் திருத்துதல்) போன்ற வேலைகளுக்கு, என்ன வேலைக்கு எவ்வளவு என்று எழுத்தில் வாங்கிக்கொண்டு கொடுப்பதில் தவறில்லை. ஆனால் அப்போது உண்மையில் பதிப்பாளர் நீங்கள்தான், ஆகவே உரிமையும் பிரதிகளும் உங்களிடமே இருக்க வேண்டும்.

முதலில் கணக்கைப் போட்டுப் பாருங்கள். டெமி அளவில் 160 பக்கம் கொண்ட ஒரு நூலுக்கு விலை 200 ரூபாய் என்றும், 300 பிரதிகள் அச்சிட உங்களிடம் 45,000 ரூபாய் வாங்குகிறார்கள் என்றும், உங்களுக்கு 50 பிரதிகள் கொடுத்துவிட்டு மீதியை அவர்களே விற்று விலையில் பத்து சதவீதம் ராயல்டி தருவதாகச் சொல்கிறார்கள் என்றும் வைத்துக்கொள்வோம். கடைக்காரருக்கு 40 சதவீதக் கழிவு போனால் பதிப்பகத்துக்குப் பிரதிக்கு 120 ரூபாய் வரும். 250 பிரதிகளுக்கு 30,000 ரூபாய். அதிலிருந்து உங்களுக்கு வரும் ராயல்டி 5,000 ரூபாய். உங்கள் 50 பிரதிகளையும் முழு விலைக்கே விற்றுவிட்டாலும் 10,000 ரூபாய்தான். ஒரு பிரதிகூட மிச்சமில்லாமல் எல்லாம் விற்றுத் தீர்ந்தால்கூட உங்களுக்கு 30,000 ரூபாய் நஷ்டம். ஒரு ரூபாயும் முதல் போடாத பதிப்பகத்துக்கோ 25,000 ரூபாய் வரவு. நூல் விற்றால் லாபம், விற்காவிட்டால் நஷ்டம் என்ற நிலையில் இருப்பவர்தான் அதை விற்க முயல்வார். எழுத்தாளரின் பணத்திலேயே லாபம் பார்த்துவிட்டவருக்கு நூலைக் கடைக்கு அனுப்ப வேண்டிய அவசியமே இல்லை.

எனவே பதில் சொல்வதற்கு முன் அந்தப் பதிப்பகத்தைப் பற்றி விசாரியுங்கள். ஜனவரி மாதத்தில் பபாசி என்ற புத்தக விற்பனையாளர், பதிப்பாளர் சங்கம் நடத்தும் சென்னைப் புத்தகக் காட்சிக்குச் சென்றால் அவர்களுடைய அரங்கில் மூன்று, நான்கு ஆண்டுகளுக்கு முன் வந்த நூல்கள் இப்போதும் விற்பனைக்கு இருக்கின்றனவா, மறுபதிப்பு கண்டவை எத்தனை என்று பார்க்கலாம். மதுரையிலோ கோவையிலோ உள்ள ஒரு புத்தகக் கடையைத் தொலைபேசியில் அழைத்து அவர்களுடைய நூல் ஒன்றின் பெயரைச் சொல்லிக் கேளுங்கள். கிடைக்கும், வரவழைத்துத் தருகிறோம், அந்தப் பதிப்பகத்தைக் கேள்விப்பட்டதே இல்லை என்ற மூன்று பதில்களில் எது வருகிறது என்பதே போதுமான தகவல். அவர்களிடம் நூல் வெளியிட்ட இருவரிடம் ராயல்டிக் கணக்கு ஆண்டுதோறும் வந்ததா என்று கேளுங்கள். கடைசியாக, அவர்கள் வெளியிட்ட ஒரு நூலை விலை கொடுத்து வாங்கி முதல் பத்துப் பக்கங்களைப் படியுங்கள். ஒற்று மிகும் இடங்கள் விடுபட்டும், "ஔவை" என்பது "ஒளவை" என்று ளகரத்தோடு அச்சாகியும் இருந்தால், யூனிகோடில் வந்த கோப்பைப் பழைய எழுத்துருவுக்கு மாற்றியபின் யாரும் மெய்ப்புப் பார்க்கவில்லை என்று பொருள். உங்கள் நூலுக்கும் அதுவே நடக்கும்.

இவையெல்லாம் திருப்தியாக இருந்து, பணம் கொடுக்கவும் முடிவு செய்தால், எல்லாவற்றுக்கும் சேர்த்து ஒரே தொகை சொல்வதை ஏற்காதீர்கள். கையெழுத்துப் பிரதியைச் செம்மையாக்குதல், மெய்ப்பு எத்தனை முறை, பக்க வடிவமைப்பு, அட்டை, தாள் எத்தனை ஜிஎஸ்எம் (தாளின் கனத்தைக் குறிக்கும் அளவு), தைத்துக் கட்டுவதா ஒட்டுவதா, எத்தனை பிரதிகள் என ஒவ்வொன்றுக்கும் தனித்தனியே விலை கேளுங்கள். அந்தப் பட்டியலை எடுத்துக்கொண்டு ஓர் அச்சகத்தில் நேரடியாக விலை விசாரித்தால் இடைவெளி எவ்வளவு என்பது தெரிந்துவிடும். ஐஎஸ்பிஎன் எனப்படும் சர்வதேச நூல் அடையாள எண்ணுக்கு என்று ஒரு தொகை எழுதியிருந்தால் காரணம் கேளுங்கள். மத்திய அரசின் ராஜா ராம்மோகன் ராய் தேசிய முகமை அந்த எண்ணைக் கட்டணமின்றித் தருகிறது, நூலாசிரியர்களும் நேரடியாக விண்ணப்பிக்கலாம். பணத்தையும் ஒரே தவணையில் கொடுக்க வேண்டாம். இறுதி மெய்ப்பில் நீங்கள் கையொப்பமிட்ட பிறகு ஒரு பகுதி, பிரதிகளை எண்ணி வாங்கிய பிறகு மீதி என்று வைத்துக்கொள்வது இரு தரப்புக்கும் நியாயமானது.

ஒப்பந்தம் எழுத்தில் இருந்தே ஆக வேண்டும். 1957ஆம் ஆண்டின் பதிப்புரிமைச் சட்டம், 19ஆவது பிரிவில், உரிமையை மாற்றிக் கொடுப்பது எழுத்து வடிவில் கையொப்பத்துடன் இருந்தால்தான் செல்லும் என்கிறது. காலவரையறை குறிப்பிடாவிட்டால் ஐந்து ஆண்டு என்று கொள்ளப்படும். உரிமை பெற்றவர் ஓராண்டுக்குள் அதைப் பயன்படுத்தாவிட்டால், ஒப்பந்தத்தில் வேறுவிதமாகச் சொல்லப்படாதவரை, அது காலாவதியாகிவிடும். இந்தப் பாதுகாப்புகளை ஒரே வரியில் அழித்துவிடக்கூடிய வாசகங்களை நான் பார்த்திருக்கிறேன்: "நூலின் அனைத்து உரிமைகளும் நிரந்தரமாகப் பதிப்பகத்தைச் சேர்ந்தவை." செலவு முழுவதையும் நீங்கள் ஏற்றிருக்கும்போது இந்த வரிக்கு இடமே இல்லை, அதை அடிக்கச் சொல்லுங்கள், மறுத்தால் எழுந்து வந்துவிடுங்கள். அச்சு நூலுக்கான உரிமையை மட்டும், மூன்றாண்டு அல்லது ஐந்தாண்டுக்குக் கொடுத்து, மின்னூல், ஒலிநூல், மொழிபெயர்ப்பு, திரைப்படம் ஆகியவற்றை உங்களிடம் வைத்துக்கொள்ளுங்கள். வடிவமைத்த பக்கங்களின் இன்டிசைன் (பக்க வடிவமைப்பு மென்பொருள்) கோப்பும் அட்டையின் மூலக் கோப்பும் உங்களுக்குத் தரப்பட வேண்டும் என்பதையும் எழுதுங்கள், இல்லையெனில் மறுபதிப்புக்கு மீண்டும் முதலிலிருந்து பணம் செலவழிக்க நேரும்.

வாய்மொழி வாக்குறுதிகள் குறித்தும் எச்சரிக்கை தேவை. "நூலக ஆணை கட்டாயம் கிடைக்கும்", அதாவது பொது நூலகங்களுக்கு அரசு உங்கள் நூலை வாங்கும் என்று யாரும் உறுதி தர முடியாது. நூல்களைத் தேர்வு செய்வது அரசு, பதிப்பாளர் செய்யக்கூடியது விண்ணப்பிப்பது மட்டுமே. விருது, வெளியீட்டு விழா, பிரபலங்களின் வாழ்த்துரை ஆகியவற்றுக்குத் தனிக் கட்டணம் சொல்பவர் விற்பது நூல் அல்லாத வேறொன்றை. ஒவ்வொருவரிடமும் பணம் வாங்கி ஆளுக்கு இரண்டு கவிதை போடும் கூட்டுத் தொகுப்புகளும் அந்த வகைதான். அவற்றை வாங்குவோர் அதில் எழுதியவர்களும் அவர்களுடைய உறவினர்களும் மட்டுமே.

சில நூல்களுக்குக் கைப்பணம் போடுவதுதான் சரியான வழி. ஓர் ஊரின் வரலாறு, குடும்பத்து முன்னோர் பற்றிய தொகுப்பு, மிகச் சிலரே படிக்கக்கூடிய ஆய்வு ஆகியவற்றுக்குச் சந்தையை எதிர்பார்க்க முடியாது, ஆனால் அவை அச்சில் இருக்க வேண்டியவை. இவற்றுக்குப் பதிப்பகத்தைத் தேடாமல் நல்ல மெய்ப்பாளர் ஒருவரையும் அச்சகத்தையும் நேரடியாக அமர்த்துங்கள். தேவைக்கேற்ப அச்சிடும் வசதி இருப்பதால் 50 பிரதிகளில்கூடத் தொடங்கலாம். முன்பதிவுத் தொகை திரட்டுவதும் நமக்குப் புதிதல்ல: 1887இல் உ.வே. சாமிநாதையர் சீவக சிந்தாமணியைப் பதிப்பித்தபோது அன்பர்களிடம் கையொப்பம், அதாவது முன்பதிவு, வாங்கித்தான் அச்சுச் செலவைச் சமாளித்தார். தமிழ் வளர்ச்சித் துறை நூல் வெளியிட நிதியுதவி அளிக்கும் திட்டத்தை நடத்துகிறது. அதன் அறிவிப்பையும் தகுதி விதிகளையும் பார்த்து விண்ணப்பிக்கலாம். அச்சு நூல் இப்போதைக்கு வேண்டாம் என்றால் அமேசான் கிண்டில் தமிழ் மின்னூல்களைக் கட்டணமில்லாமல் ஏற்கிறது.

சொந்தமாக வெளியிடும்போது பதிப்பாளரின் கடமைகளும் உங்களைச் சேரும். 1954ஆம் ஆண்டின் நூல் வழங்கல் சட்டப்படி, நூல் வெளிவந்த 30 நாளுக்குள் கொல்கத்தா தேசிய நூலகத்துக்கும் சென்னை கன்னிமாரா நூலகத்துக்கும், சட்டம் குறிப்பிடும் மற்ற பொது நூலகங்களுக்கும் உங்கள் செலவில் ஒவ்வொரு பிரதி அனுப்ப வேண்டும். அச்சிட வேண்டிய எண்ணிக்கையை முடிவு செய்யும்போதே இந்தப் பிரதிகளையும், மதிப்புரைக்குக் கொடுக்க வேண்டியவற்றையும் சேர்த்துக் கணக்கிட்டுக்கொள்ளுங்கள்.