மன்ஹாட்டன் சைனாடவுனில் குறைந்த செலவில் மதிய உணவு உண்பது எப்படி?

நியூயார்க்கிலும் அதன் சுற்றுவட்டாரத்திலும் வாழும் தமிழர் பலருக்கு, கீழ் மன்ஹாட்டனில் ஒரு பகல் முழுவதும் காத்திருக்க வேண்டிய நாள் எப்போதாவது வந்துவிடுகிறது. ஃபெடரல் பிளாசாவின் 26ஆம் எண் கட்டடத்தில் குடியேற்ற அலுவலகமும் குடியேற்ற நீதிமன்றமும் இருக்கின்றன. சென்டர் தெருவில் மாநில நீதிமன்றங்கள் அடுத்தடுத்து நிற்கின்றன. மன்ஹாட்டனில் குடியிருந்து குடியுரிமையும் பெற்றுவிட்டவர்களை ஜூரிப் பணிக்கு அங்கேதான் அழைக்கிறார்கள். மதிய இடைவேளை விட்டதும் பெரும்பாலோர் வாசலில் நிற்கும் வண்டிக்கடையிலோ, பக்கத்துச் சாண்ட்விச் கடையிலோ பசியாறிவிட்டுத் திரும்பிவிடுகிறார்கள். கிழக்கே சில நிமிடங்கள் நடந்து, குற்றவியல் நீதிமன்றத்தின் பின்புறமுள்ள கொலம்பஸ் பூங்காவைக் கடந்தால் சைனாடவுனின் பேயர்டு தெருவும் மாட் தெருவும் வந்துவிடும். சூடான சோறும் கறியும் அங்கே அதே செலவில், பல கடைகளில் அதைவிடக் குறைவாகவும் கிடைக்கும். பத்துப் பன்னிரண்டு டாலருக்குள் ஒரு முழுத் தட்டுச் சோறு தரும் கடைகள் அங்கே இன்னமும் இருக்கின்றன.

அத்தகைய கடையில் நன்றாகச் சாப்பிட வேண்டுமானால், அது ஏன் மலிவாகத் தர முடிகிறது என்பதை முதலில் புரிந்துகொள்ள வேண்டும். ஒரு கடை இரண்டு மூன்று பண்டங்களை மட்டும் காலையிலிருந்து பேரளவில் செய்து வைக்கிறது. வந்தவர் கேட்ட சில நிமிடங்களில் தட்டு வருகிறது. சாப்பிட்டவர் உட்கார்ந்து கதை பேசாமல் எழுந்து அடுத்தவருக்கு இடம் விடுகிறார். இந்த ஏற்பாட்டுக்கு ஒத்துப்போகிறவருக்கு அருமையான சாப்பாடு கிடைக்கும். மெனு அட்டையில் நூற்றுக்கு மேற்பட்ட பெயர்கள் அச்சிடப்பட்டிருக்கலாம். ஆனால் அந்தச் சமையலறை உண்மையில் எதற்காக நடக்கிறதோ அதைக் கேட்பவர்தான் கொடுத்த காசுக்கு நிறைவாகச் சாப்பிடுவார். வறுத்த வாத்துக்குப் பெயர்போன கடையில் ஆரஞ்சுக் கோழியைக் கேட்டால், உறைந்த துண்டுகளைப் பொரித்து இனிப்புச் சாற்றில் புரட்டித் தருவார்கள். அதைக் குறை சொல்வதில் நியாயம் இல்லை.

ஒரு கடை எதற்காக நடக்கிறது என்பதை அதன் சன்னலே சொல்லிவிடும். கண்ணாடிக்குப் பின்னால் கொக்கிகளில் வாத்தும், செந்நிறப் பன்றி இறைச்சியும், சோயாச் சாற்றில் வெந்த கோழியும் தொங்கினால் அது கான்டனீயர்களின், அதாவது தென்சீனக் குவாங்டோங் மாநிலத்தவர்களின், வாட்டிறைச்சிக் கடை. சன்னலோரத்தில் பெரிய அண்டாவில் நீர் கொதிக்க, ஒருவர் நின்றபடி நூடுல்ஸ் அள்ளிக்கொண்டிருந்தால் அங்கே வான்டன் (இறைச்சியோ இறாலோ பொதிந்த மெல்லிய மாவுப் பொட்டலம்) சூப்பு கேட்க வேண்டும். அகலமான தட்டுகளில் அரிசி மாவை ஊற்றி, ஆவியில் அவித்துச் சுரண்டிச் சுருட்டுகிறார்கள் என்றால் அது அரிசிச் சுருள் கடை. நம் வீட்டு இலை வடாம் மாவு வெந்து வரும் பக்குவம்தான் அது, உலர்த்தாமல் அப்படியே சோயாச் சாறும் எள் சாந்தும் ஊற்றித் தருவார்கள்.

எந்தத் தெருவில் நிற்கிறோம் என்பதையும் கவனிக்க வேண்டும். முதலில் இங்கே குடியேறிய சீனர்களில் பெரும்பாலோர் குவாங்டோங் மாநிலத்தவர்கள்; 1882ஆம் ஆண்டின் சீனர் விலக்குச் சட்டம் 1943 வரை நடப்பில் இருந்து அவர்கள் வருவதைத் தடுத்தது; 1965ஆம் ஆண்டுக் குடியேற்றச் சட்டத்துக்குப் பிறகே பெருமளவில் குடும்பங்கள் வந்து சேர முடிந்தது. மாட், பேயர்டு தெருக்களின் பழைய கடைகளில் கான்டனீயச் சமையல் மேலோங்கி நிற்பது அதனால்தான். 1980களிலிருந்து ஃபூஜியான் மாநிலத்து ஃபூச்சோவ் பகுதியினர் வந்து ஈஸ்ட் பிராட்வே பக்கம் நிலைகொண்டார்கள். அங்குள்ள சிறு கடைகளில் பன்றி இறைச்சி பொதிந்த மீன் உருண்டைச் சூப்பும், வேர்க்கடலைச் சாந்தில் பிசறிய நூடுல்ஸும் கிடைக்கும். ஆங்கிலம் குறைவு, விலையும் குறைவு.

முதல்முறை போகிறவர் இறைச்சி உண்பவராக இருந்தால் வாட்டிறைச்சிக் கடையில் தொடங்குவதே நல்லது என்பது என் உறுதியான கருத்து. கேட்க வேண்டியதும் எளிது: வாத்துச் சோறு என்று சொன்னால் போதும். வாத்தின் தோலுக்கும் சதைக்கும் நடுவே காற்றைச் செலுத்திப் பிரித்து, வயிற்றுக்குள் இஞ்சி, அன்னாசிப்பூ, ஐந்து மசாலாத் தூள் முதலியவற்றை வைத்துத் தைத்து, மேலே மால்ட் சர்க்கரையும் காடியும் (வினிகர்) கலந்த நீரைப் பூசி, தோல் உலரும்வரை தொங்கவிட்டு, அதன் பிறகே அடுப்பில் வாட்டுகிறார்கள். வெட்டுபவர் அதைக் கொக்கியிலிருந்து இறக்கியதும் வயிற்றுக்குள் தேங்கிய சாற்றை ஒரு கிண்ணத்தில் வடித்துக்கொள்கிறார். பிறகு தடித்த மரக்கட்டையில் வைத்து, அகன்ற கத்தியால் நீளவாக்கில் பிளந்து, எலும்போடு சேர்த்து விரல் அகலத் துண்டுகளாக வெட்டுகிறார். துண்டுகள் கலையாதபடி கத்தியின் தட்டையான பக்கத்தால் அப்படியே ஏந்திச் சோற்றின்மேல் சரிக்கிறார். ஓரத்தில் வெந்நீரில் வாட்டிய கீரைத்தண்டு இரண்டும், வடித்து வைத்த சாற்றில் ஒரு கரண்டியும் சேர்ந்தால் தட்டு தயார். அந்தச் சாறு சோற்றில் போதிய அளவு விழுவதுதான் இதில் பாதிச் சுவை என்பதால், வேண்டுமானால் இன்னும் கொஞ்சம் ஊற்றச் சொல்லிக் கேட்கலாம். எலும்போடு வெட்டியது என்பதால் கூர்மையான சில்லுகள் இருக்கும். மெதுவாக மென்று, எலும்பைத் தட்டின் ஓரத்தில் ஒதுக்க வேண்டும். குழந்தைகளோடு போனால் எலும்பில்லாத பன்றி இறைச்சித் துண்டுகளைக் கேட்பது பாதுகாப்பானது. சோயாக் கோழி கேட்பவர்கள், எண்ணெயில் இஞ்சியும் வெங்காயத்தாளும் சேர்த்து அரைத்த பச்சை நிறத் தொக்கையும் கேட்டு வாங்கத் தவற வேண்டாம்.

வான்டன் நூடுல்ஸ் கேட்டால் வந்தவுடன் சாப்பிடத் தொடங்குங்கள். அந்த மெல்லிய முட்டை நூடுல்ஸ் சூப்பில் ஊறினால் குழைந்துவிடும். மேசைமேல் இருக்கும் சிவப்புக் காடியில் ஓரிரு சொட்டு விட்டுக்கொண்டால் சுவை கூடும்.

உட்காரும் முறையைப் பற்றியும் சொல்ல வேண்டும், ஏனென்றால் நம்மவர் பலர் மனம் வருந்துவது இந்த இடத்தில்தான். தனியாகப் போனால், முன்பின் அறியாதவர்கள் உட்கார்ந்திருக்கும் வட்ட மேசையில் ஒரு நாற்காலியைக் காட்டி உட்காரச் சொல்வார்கள். தேநீர்க் குடுவை பல கடைகளில் கேட்காமலே வரும், பெரும்பாலும் அதற்குத் தனிக் கட்டணம் இருக்காது. பரிமாறுபவர் நலம் விசாரிக்க மாட்டார். நேரே வந்து என்ன வேண்டும் என்று கேட்பார். நண்பகல் கூட்டத்தில் சென்னையின் எந்த மெஸ்ஸிலும் நடப்பதுதான் இதுவும், யாரையும் அவமதிக்கும் நோக்கம் அதில் இல்லை. தேநீர் தீர்ந்தால் அழைக்கத் தேவையில்லை. குடுவையின் மூடியைச் சற்றே திறந்து சாய்த்து வைத்தால் வெந்நீர் ஊற்றிச் செல்வார்கள். அருகில் இருப்பவர் நம் கோப்பையில் தேநீர் ஊற்றினால் விரல் நுனிகளால் மேசையில் இருமுறை தட்டுவது அங்கே நன்றி தெரிவிக்கும் முறை. குச்சிகளைப் பிடிக்க வராவிட்டால் கரண்டியோ முள்கரண்டியோ கேட்பதில் எந்தக் கூச்சமும் வேண்டாம். குச்சிகளைச் சோற்றில் செங்குத்தாகக் குத்தி நிறுத்துவதை மட்டும் தவிர்க்க வேண்டும். இறந்தவர்களுக்கு ஊதுவத்தி ஏற்றி வைப்பதை அது நினைவூட்டும்.

சைவ உணவாளர்கள் இந்த உணவகங்களில் கூடுதல் கவனத்தோடு இருக்க வேண்டும். மெனுவில் காய்கறிகள் என்ற தலைப்பின் கீழ் இருப்பவை எல்லாம் சைவம் அல்ல. வாட்டிய கீரைமேல் ஊற்றப்படும் கரிய சாறு பெரும்பாலும் சிப்பிச் சாறு. சோயாப் பால்கட்டியைக் காரச் சாற்றில் சமைக்கும் மாப்போ டோஃபுவில் கொத்திறைச்சி வழக்கமாகவே உண்டு. வறட்டிய பீன்ஸிலும் பூண்டுச் சாற்றுக் கத்தரிக்காயிலும் பல கடைகளில் அது சேரும். காரப் புளிப்புச் சூப்பில் முட்டையும், பெரும்பாலும் பன்றி இறைச்சி இழைகளும் இருக்கும். இவை எதுவும் இல்லாதபோதும், வதக்கும்போது ஒரு கரண்டி கோழிச் சாறு விடுவது அந்தச் சமையலறைகளில் இயல்பு. ஆகவே, நான் சைவம் என்று பொதுவாகச் சொல்வதால் பயன் குறைவு. எவையெவை கூடாது என்று ஒவ்வொன்றாகப் பெயர் சொல்ல வேண்டும். இறைச்சி, மீன், முட்டை, சிப்பிச் சாறு, கோழிச் சாறு, பன்றிக் கொழுப்பு ஆகியவை வேண்டாம் என்ற வரியைக் கைப்பேசியில் சீன மொழிக்கு மாற்றி முன்கூட்டியே சேமித்து வைத்துக் காட்டினால் குழப்பம் வராது. பட்டாணித் தளிரைப் பூண்டோடு வதக்கித் தரச் சொல்வதும், காளானோடு டோஃபு கேட்பதும் ஓரளவு நம்பிக்கையான வழிகள்; அரிசிச் சுருள் கடையில் உள்ளே எதுவும் வைக்காத வெற்றுச் சுருளைக் கேட்கலாம்.

ஒரே வாணலியில் இறைச்சியும் வதக்கப்படுவதை ஏற்க இயலாதவர்கள், பௌத்தச் சைவ உணவகங்களைத் தேடிச் செல்வதே சரி. பௌத்த நெறிப்படி சமைக்கும் இடங்களில் வெங்காயம், பூண்டையும் விலக்குவது மரபு என்பதால், வீட்டில் அவற்றைச் சேர்க்காதவர்களுக்கும் அவை பொருந்தும். ஹலால் உணவு மட்டும் உண்பவர்களுக்கு, பன்றிக் கொழுப்பு பரவலாகப் பயன்படும் இந்தச் சாதாரணக் கடைகள் ஏற்றவை அல்ல. ஹலால் சான்று பெற்ற சீன உணவகத்தைத் தனியே தேடிக்கொள்ள வேண்டும்.

அஜினமோட்டோவைப் பற்றிய அச்சம் நம்மிடையே இன்னும் வலுவாக இருக்கிறது. கிகுனே இகெடா என்ற ஜப்பானிய வேதியியலாளர் 1908இல் கடற்பாசியிலிருந்து பிரித்தெடுத்த சுவைப் பொருளே அது. அதன் முக்கியக் கூறான குளூட்டமேட் தக்காளியிலும் இயற்கையாகவே உண்டு. 1968இல் ஒரு மருத்துவ இதழில் வெளியான வாசகர் கடிதத்திலிருந்துதான் சீன உணவகத்தில் உண்டால் உடல்நலம் கெடும் என்ற பேச்சு பரவியது. அமெரிக்க உணவு மற்றும் மருந்து நிர்வாகம் அதைப் பொதுவாகப் பாதுகாப்பான பொருள்களின் வரிசையில் வைத்திருக்கிறது. ஆனாலும் தமக்கு ஒத்துக்கொள்ளவில்லை என்று உணர்கிறவர்கள், உடனுக்குடன் வதக்கும் பண்டங்களில் சேர்க்க வேண்டாம் என்று கேட்கலாம். முன்பே ஊறவைத்த இறைச்சியில் அதைத் தவிர்க்க முடியாது.

சுத்தத்தைப் பற்றிக் கவலைப்படுகிறவர்கள் வாசலைப் பார்த்தாலே போதும். 2010 முதல் நியூயார்க் நகர உணவகங்கள் சுகாதாரச் சோதனையில் பெற்ற எழுத்துத் தரத்தை வெளியே தெரியும்படி ஒட்ட வேண்டும். குறைகளுக்குப் புள்ளி போடுவார்கள்: 13 வரை இருந்தால் ஏ, 14 முதல் 27 வரை பி, அதற்கு மேல் சி.

பணம் கொடுப்பதில் இரண்டு செய்திகள் முக்கியம். முதலாவது, பல கடைகள் ரொக்கம் மட்டுமே வாங்கும். ஒன்று, ஐந்து, பத்து டாலர் நோட்டுகளைக் கையில் வைத்திருங்கள். இரண்டாவது, மெனுவில் உள்ள விலையோடு 8.875 சதவீத விற்பனை வரி சேரும். மேசையில் உட்கார்ந்து சாப்பிட்டால், அந்த வரித் தொகையை இரட்டித்து டிப்ஸாக வைப்பது நகரத்தார் பலரும் கையாளும் எளிய கணக்கு. பத்து டாலர் தட்டுக்கு வரி ஏறத்தாழ 89 சென்ட், டிப்ஸ் ஒன்றே முக்கால் டாலர். எல்லாம் சேர்த்துப் பன்னிரண்டரை டாலரைக் கொஞ்சம் தாண்டும். மலிவான கடை என்பதற்காக டிப்ஸைக் குறைப்பது முறையன்று. நம் சாப்பாடு மலிவாக இருப்பதற்காக ஓடி ஓடி உழைப்பவர் அந்தப் பரிமாறுபவர்தான். சில பில்களில் சேவைக் கட்டணம் முன்பே சேர்க்கப்பட்டிருக்கும் என்பதால், ஒருமுறை படித்துப் பார்த்துவிட்டுக் கொடுங்கள்.

நேரத்தைப் பொறுத்தவரை, பன்னிரண்டிலிருந்து ஒன்றரை வரை நெரிசல் மிகுதி. நீதிமன்ற இடைவேளையில் போகிறவர்களுக்கு அதைத் தவிர்க்க வழியில்லை. வரிசை நீண்டிருந்தால் வாட்டிறைச்சிச் சோற்றைப் பொட்டலமாக வாங்கிக்கொண்டு கொலம்பஸ் பூங்காவுக்கு வந்துவிடுங்கள். வானிலை நன்றாக இருந்தால் சீனச் சதுரங்கமும் சீட்டும் ஆடும் முதியவர்கள் கூடியிருப்பார்கள், பெஞ்சில் உட்கார்ந்து சாப்பிடலாம். வாங்கும்போதே குச்சியும் காகிதத் துண்டும் பையில் இருக்கின்றனவா என்று பார்த்துக்கொள்ளுங்கள். நீதிமன்றத்துக்கோ குடியேற்ற அலுவலகத்துக்கோ திரும்பும்போது வாசலில் மறுபடியும் பாதுகாப்புச் சோதனை வரிசையில் நிற்க வேண்டும் என்பதால், குறித்த நேரத்துக்குக் கால் மணி முன்பாகவே பூங்காவிலிருந்து கிளம்பிவிடுவது நல்லது.