உங்கள் பேரில் வாரண்ட் இருக்கிறதா? கோர்ட் பதிவில் நீங்களே பார்ப்பது எப்படி

போன ஆடி மாதம் சித்தப்பாவுக்குத் திருப்பூரிலிருந்து பழைய வீட்டு ஓனர் போன் செய்தார். "உங்களைத் தேடி ஸ்டேஷன்ல இருந்து ஒருத்தர் வந்தாருங்க, ஏதோ வாரண்ட்னு சொல்றாரு" என்றார், அவ்வளவுதான். எந்தக் கோர்ட், யார் போட்ட கேஸ், ஒன்றும் தெரியாது. சித்தப்பா திண்டுக்கல்லுக்குக் குடிவந்து மூன்று வருடம் ஆகிறது. அடுத்த மூன்று நாள் அவர் சரியாகச் சாப்பிடவில்லை, வாசலில் பைக் சத்தம் கேட்டாலே எழுந்து உள்ளே போய்விடுவார் என்று சித்தி சொன்னாள். நான்காம் நாள்தான் எனக்கு விஷயம் வந்தது. கோர்ட் பதிவில் அவர் பெயரைத் தேடி, கேஸ் எது, வாரண்ட் எந்தத் தேதியில் போட்டது என்று கண்டுபிடிக்க எனக்கு இருபது நிமிடம் ஆனது. அந்த இருபது நிமிட வேலை தெரியாமல் ஒரு மனுஷன் மூன்று நாள் பயந்து கிடந்திருக்கிறார்.

நான் வக்கீல் இல்லை. ஒரு வக்கீல் ஆபீஸில் ஆறு வருடம் குமாஸ்தாவாக இருந்தவன், கோர்ட் வழக்குப் பதிவுகள் இருக்கும் 'இ-கோர்ட்ஸ் சர்வீசஸ்' என்ற அரசுத் தளத்தைத் தினமும் திறந்து வாய்தா தேதி பார்த்தவன். காசு கட்ட வேண்டாம், லாகின் வேண்டாம், போன் ஒன்று போதும்.

தேடுவதற்கு முன்னால்

நம் நாட்டில் "வாரண்ட் பட்டியல்" என்று பொதுமக்கள் பார்க்கும்படி ஒன்று கிடையாது. பொதுவில் இருப்பது வழக்கின் பதிவுதான். வாரண்ட் என்பது அந்த வழக்கின் தினசரிக் குறிப்புகளில் ஒரு வரியாக வரும். அதனால் வாரண்ட்டைத் தேடாதீர்கள், வழக்கைத் தேடுங்கள், அதற்குள் போய் அந்த வரியைத் தேடுங்கள். தளத்தைத் திறந்து "வாரண்ட் எங்கே இருக்கு" என்று குழம்பித் திரும்பி வருகிறவர்கள் பாதிப் பேர் இதைத் தெரியாமல்தான் திரும்புகிறார்கள்.

இன்னொன்று. எஃப்.ஐ.ஆர். மட்டும் போட்டு இன்னும் கோர்ட்டில் வழக்கு நம்பர் ஆகாத நிலையில் இந்தப் பதிவில் ஒன்றும் கிடைக்காமல் போகலாம். பெரிய குற்றங்களில் போலீஸ் வாரண்ட் இல்லாமலே கைது செய்யவும் சட்டம் இடம் கொடுக்கிறது. எனவே தளத்தில் பெயர் இல்லை என்பதை வைத்து எல்லாம் சரி என்று முடிவுக்கு வராதீர்கள்.

வாரண்ட்டில் இரண்டு வகை. ஒன்று பெயிலபிள் வாரண்ட், பிடிக்க வரும் போலீஸிடமே சொன்ன தொகைக்கு ஜாமீன் எழுதிக் கொடுத்துவிட்டு, குறித்த நாளில் கோர்ட்டுக்குப் போகலாம். மற்றது என்.பி.டபிள்யூ., அதாவது ஜாமீனில் வெளிவர முடியாத பிடிவாரண்ட். இதில் பிடித்தால் நேராக மாஜிஸ்திரேட் முன்னால்தான், அதுவும் பயண நேரம் போக 24 மணி நேரத்துக்குள். முதலில் சம்மன், அது பலிக்காவிட்டால் பெயிலபிள், அதற்கும் வராவிட்டால்தான் என்.பி.டபிள்யூ. என்ற வரிசையை 2007-இல் இந்தர் மோகன் கோஸ்வாமி வழக்கில் சுப்ரீம் கோர்ட் வலியுறுத்தியிருக்கிறது. நடைமுறையில் என்ன ஆகிறது என்றால், சம்மன் பழைய வீட்டுக்குப் போகும், "கதவு பூட்டியிருக்கிறது" என்று திரும்பும், நமக்குத் தெரியாமலே படிப்படியாக ஏறி என்.பி.டபிள்யூ.வில் வந்து நிற்கும். சித்தப்பாவுக்கு நடந்தது இதேதான்.

படி 1: எந்த ஊர், எந்த வருடம் என்று யூகியுங்கள்

தளத்துக்குள் நுழைந்ததும் மாவட்டமும் வருடமும் கேட்கும். இதைத் தெரியாமல் போனால் தேட முடியாது. அதனால் முதலில் ஒரு பேப்பரில், உங்கள் மேல் கேஸ் போட யாருக்கெல்லாம் காரணம் இருக்கும் என்று எழுதுங்கள். கையெழுத்துப் போட்டுக் கொடுத்த செக், ஜாமீன் கையெழுத்துப் போட்ட கடன், பழைய அடிதடி, வண்டி மோதியது, கட்டாமல் விட்ட டிராஃபிக் கேஸ். சித்தப்பா ரொம்ப நேரம் யோசித்து, நண்பரின் கடனுக்கு ஒரு பைனான்ஸில் வெற்றுச் செக் கொடுத்ததைச் சொன்னார்.

செக் கேஸ் என்றால் ஊர் விஷயத்தில் எல்லோரும் ஏமாறுவார்கள். நீங்கள் குடியிருக்கும் ஊரில் கேஸ் இருக்கும் என்று நினைக்காதீர்கள். 2015-இல் மாற்று முறை ஆவணச் சட்டத்தில் கொண்டுவந்த திருத்தப்படி, செக்கை வாங்கியவர் தன் வங்கிக் கணக்கில் போட்டிருந்தால், அவருடைய கணக்கு இருக்கும் கிளை எந்தக் கோர்ட் எல்லையில் வருகிறதோ அங்கேதான் வழக்கு. பைனான்ஸின் கணக்கு கோவையில் இருந்தது, அதனால் திருப்பூரில் தேடியபோது ஒன்றும் இல்லை, கோவையில் தேடியதும் வந்துவிட்டது. சென்னைக் கணக்கு என்றால் எழும்பூர், சைதாப்பேட்டை, ஜார்ஜ் டவுன், அல்லிகுளம் என்று ஒவ்வொன்றாகப் பாருங்கள்.

வருடத்துக்கும் ஒரு கணக்கு உண்டு. செக் திரும்பிய தகவல் கிடைத்து 30 நாளுக்குள் நோட்டீஸ், நோட்டீஸ் கைக்கு வந்து பணம் கட்ட 15 நாள், அதற்குப் பிறகு ஒரு மாதத்துக்குள் வழக்கு. ஆக, செக் திரும்பி இரண்டு மூன்று மாதத்தில் கேஸ் வந்திருக்கும். ஐப்பசி கார்த்திகையில் திரும்பிய செக் என்றால் அடுத்த வருடத்தையும் சேர்த்துத் தேடுங்கள், நம்பர் ஆகத் தாமதமாகியிருந்தால் அதற்கும் அடுத்த வருடம்.

படி 2: தளத்தைத் திறந்து பெயரைப் போடுங்கள்

பிரவுசரில் 'இ-கோர்ட்ஸ் சர்வீசஸ்' என்று தேடுங்கள். முகவரியில் தளத்தின் பெயர் (அதற்குப் பின் சாய்கோடு வந்தால் அந்தக் கோட்டுக்கு முன்னால் வரை) 'கவ் டாட் இன்' என்று முடிய வேண்டும். அப்படி இல்லாத, காசு கேட்கிற தளமாக இருந்தால் மூடிவிடுங்கள். இதே பெயரில் மொபைல் ஆப்பும் இருக்கிறது.

உள்ளே 'கேஸ் ஸ்டேட்டஸ்' போய், தமிழ்நாடு, மாவட்டம், கோர்ட் காம்ப்ளெக்ஸ் என்று வரிசையாகத் தேர்ந்தெடுங்கள். சில வளாகங்களில் இன்னும் ஒரு பெட்டி திறந்து எந்த நீதிமன்றம் என்று கேட்கும், கிரிமினல் வழக்கு என்றால் அங்கே மாஜிஸ்திரேட் கோர்ட்டைப் பாருங்கள். புது மாவட்டத்துக்காரர்கள் தாய் மாவட்டத்தையும் விடாதீர்கள். தென்காசி திருநெல்வேலியிலிருந்து பிரிந்தது 2019-இல்தான், அதற்கு முந்தைய கேஸ் எங்கே கிடக்கிறது என்று இரண்டு இடத்திலும் பார்த்துவிடுவது நல்லது.

அப்புறம் 'பார்ட்டி நேம்' என்ற பகுதி. குறைந்தது மூன்று எழுத்து, வருடம், கீழே தெரியும் கேப்ட்சா எழுத்துகள். 'பெண்டிங்' (நடப்பவை), 'டிஸ்போஸ்டு' (முடிந்தவை), 'போத்' (இரண்டும்) என்று மூன்று இருக்கும், 'போத்' வைத்துக்கொள்ளுங்கள்.

இப்போது பெயர். இதில்தான் பொறுமை வேண்டும். நம் பெயரை ஆங்கிலத்தில் ஒவ்வொருவர் ஒவ்வொரு மாதிரி டைப் செய்வார்கள். 'முத்துக்குமார்' ஒட்டியும் இருக்கும், நடுவில் இடம் விட்டும் இருக்கும். 'த'வுக்கு 'டி' மட்டும் போட்டிருப்பார்கள், அல்லது 'டி'யோடு 'எச்' சேர்த்திருப்பார்கள். 'ழ'வுக்கு 'எல்'லும் வரும் 'இசட்-எச்'சும் வரும். இனிஷியல் முன்னாலும் இருக்கும் பின்னாலும் இருக்கும். அதனால் முழுப் பெயரைப் போடாதீர்கள். பெயரின் நடுவிலிருந்து, எப்படி எழுதினாலும் மாறாத நாலைந்து எழுத்தை மட்டும் போடுங்கள். பட்டியல் நீளமாக வந்தாலும் பரவாயில்லை, கேஸ் போட்டவர் பெயரை வைத்து அடையாளம் கண்டுகொள்ளலாம். சித்தப்பா பெயரில் ஒரே வருடத்தில் பதினோரு வழக்கு வந்தது. பத்து வேறு யாரோ. பதினோராவதில் எதிரே அந்த பைனான்ஸின் பெயர்.

எஃப்.ஐ.ஆர். நம்பர் தெரிந்தால் பெயரோடு மல்லுக்கட்ட வேண்டாம், காவல் நிலையம், நம்பர், வருடம் போட்டே தேடலாம், அதற்குத் தனிப் பகுதி இருக்கிறது. சி.என்.ஆர். நம்பர் கையில் இருந்தால் இன்னும் சுலபம். அது 16 எழுத்தும் எண்ணும் கலந்தது, ஒரு வழக்குக்கு ஒன்றுதான், கடைசி நான்கு எண் வருடத்தைக் காட்டும்.

படி 3: வழக்குக்குள் போய் தினசரிக் குறிப்பைப் படியுங்கள்

'வியூ' அழுத்தினால் வழக்கின் பக்கம் திறக்கும். முதல் வேலையாக சி.என்.ஆர். நம்பரை எழுதி வையுங்கள், ஒரு ஸ்கிரீன்ஷாட்டும் எடுத்துவிடுங்கள். எந்தச் சட்டம், எந்தப் பிரிவு என்று பாருங்கள், செக் கேஸ் என்றால் 138 என்று இருக்கும்.

பிறகு கீழே இறங்குங்கள். 'கேஸ் ஹிஸ்டரி' என்று ஓர் அட்டவணை, ஒவ்வொரு வாய்தாவுக்கும் ஒரு வரி. கடைசிக் கட்டத்தில் எதற்காகத் தள்ளிவைத்தார்கள் என்று இருக்கும். சித்தப்பா கேஸில் முதல் நான்கு வரியில் 'சம்மன்ஸ்', அடுத்த இரண்டில் 'பி.டபிள்யூ.' (பெயிலபிள் வாரண்ட்), அதற்குப் பிறகு தொடர்ந்து ஐந்து வரி 'என்.பி.டபிள்யூ. பெண்டிங்'. பெண்டிங் என்றால் வாரண்ட் போட்டாகிவிட்டது, இன்னும் ஆள் பிடிபடவில்லை என்று அர்த்தம். கோர்ட்டுக்குக் கோர்ட் எழுதுகிற விதம் மாறும், ஆனால் அந்த மூன்று எழுத்தும் 'வாரண்ட்' என்ற சொல்லும் கண்ணில் பட்டால் நின்று படியுங்கள்.

அட்டவணையோடு நின்றுவிடாதீர்கள். 'பிசினஸ் ஆன் டேட்' என்ற கட்டத்தில் உள்ள தேதியை அழுத்தினால் அன்றைக்குக் கோர்ட்டில் என்ன நடந்தது என்ற சின்னக் குறிப்பு திறக்கும். அதில் "அக்யூஸ்டு கால்டு ஆப்சென்ட், நோ ரெப்ரசென்டேஷன், இஷ்யூ என்.பி.டபிள்யூ." (குற்றம் சாட்டப்பட்டவரை அழைத்தும் வரவில்லை, அவர் சார்பிலும் யாரும் இல்லை, என்.பி.டபிள்யூ. போடவும்) என்று இருந்தால் அந்தத் தேதியில்தான் வாரண்ட் பிறந்தது. "317 பெட்டிஷன் அலவ்டு" என்று இருந்தால் அன்று நீங்கள் வராததை வக்கீல் மனு போட்டு மன்னிக்க வைத்திருக்கிறார், வாரண்ட் இல்லை (புதுச் சட்டத்தில் அது 355-ஆவது பிரிவு, கோர்ட்டில் இன்னும் நிறையப் பேர் 317 என்றே சொல்கிறார்கள்). "என்.பி.டபிள்யூ. ரீகால்டு" என்றால் ரத்தாகிவிட்டது. இப்படிக் கீழிருந்து மேலே போய், வாரண்ட் போட்ட வரிக்குப் பிறகு ரீகால் என்ற வரி எங்காவது வருகிறதா என்று பார்க்க வேண்டும். வரவில்லை என்றால் அது உயிரோடு இருக்கிறது. பத்து வருடம் ஆனாலும் அப்படித்தான். போட்ட கோர்ட் ரத்து செய்யும் வரை அல்லது நிறைவேற்றும் வரை வாரண்ட் அமலில் இருக்கும் என்பது 2024 ஜூலை 1-இல் வந்த பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதா என்ற புதுக் குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் 72-ஆவது பிரிவு. பழைய சட்டத்தில் 70.

பல பேர் சேர்ந்த கேஸ் என்றால் இன்னொன்றையும் பாருங்கள். வராதவரை மட்டும் தனியே பிரித்து, அதாவது 'ஸ்பிளிட் அப்' செய்து, வேறு நம்பர் கொடுத்துவிட்டு மற்றவர்கள் கேஸை முடித்துவிடுவார்கள். பழைய நம்பரில் 'டிஸ்போஸ்டு' என்று பார்த்துச் சந்தோஷப்பட்டவர்களை நான் பார்த்திருக்கிறேன், வாரண்ட் புது நம்பரில் இருந்தது.

வாட்ஸ்அப்பில் வாரண்ட் வந்தால்

"டிஜிட்டல் அரெஸ்ட்" என்று மிரட்டி, அசோகச் சின்னம் போட்ட வாரண்ட்டை அனுப்பிப் பணம் பறிக்கிறார்கள். அப்படி ஒரு கைதே சட்டத்தில் கிடையாது. வாரண்ட் என்றால் எழுத்தில், நீதிபதி கையெழுத்தும் கோர்ட் முத்திரையும் இருக்க வேண்டும், கொண்டுவரும் போலீஸ் விஷயத்தைச் சொல்ல வேண்டும், கேட்டால் காட்டவும் வேண்டும். வீடியோ காலில் காட்டிப் பணம் கேட்டால் உடனே இணைப்பைத் துண்டித்துவிட்டு 1930 என்ற சைபர் குற்ற உதவி எண்ணுக்கு அழையுங்கள். வீட்டில் வயதானவர்கள் இருந்தால் இதை இன்றைக்கே சொல்லி வையுங்கள்.

அடுத்தவர் பெயரைத் தேடிப் பார்ப்பதைப் பற்றியும் கேட்கிறார்கள். பதிவு பொதுவானது, பார்க்கலாம். ஆனால் சித்தப்பா பெயரில் வந்த அந்தப் பத்து வேறு ஆட்களை நினைத்துக்கொள்ளுங்கள். பெயர் ஒன்றாக இருக்கிறது என்று ஸ்கிரீன்ஷாட்டை உறவுக்காரர் குரூப்பில் போட்டால், சம்பந்தமே இல்லாத ஒரு பெண்ணின் கல்யாணம் நின்றுபோகும்.

படி 4: இருக்கிறது என்று தெரிந்துவிட்டது, இனி?

ஓடாதீர்கள், தள்ளிப்போடாதீர்கள். போகப் போக 'தலைமறைவு' என்று அறிவிப்பு, சொத்து ஜப்தி என்று போகும், பாஸ்போர்ட்டும் சிக்கலாகும். சி.என்.ஆர். நம்பரோடு அந்த ஊர் கோர்ட்டில் பழகும் வக்கீல் ஒருவரைப் பிடியுங்கள். அவர் வக்காலத்தும், வாரண்ட் ரீகால் மனுவும் போடுவார், பெரும்பாலும் நீங்கள் நேரில் நிற்க வேண்டியிருக்கும். ஏன் வரவில்லை என்பதற்கு ஆதாரம் கொண்டுபோங்கள். சித்தப்பா புது முகவரிக்கு மாறிய ஆதாரும் வாடகை ஒப்பந்தமும் கொண்டுபோனார். காலை பத்தரைக்குக் கூண்டு ஓரமாக நின்றவர் மத்தியானம் ரீகால் ஆர்டரோடு வெளியே வந்தார். செக் கேஸ் ஜாமீனில் விடக்கூடிய குற்றம், அதனால் அவருக்குச் சுலபமாக முடிந்தது. கொலை, போதைப்பொருள் மாதிரியான வழக்கில் இதே போல் நடக்கும் என்று எண்ணிக்கொண்டு போகாதீர்கள், வக்கீல் சொல்கிறபடி செய்யுங்கள்.

ரீகால் ஆனதும் வேலை முடியவில்லை. நகல் மனு போட்டு ஆர்டரின் சான்றிட்ட நகல் வாங்குங்கள். ரீகால் தகவல் ஸ்டேஷனுக்குப் போய்ச் சேர்ந்ததா என்று வக்கீல் மூலம் கேளுங்கள். மும்பையில் ஒரு வழக்கறிஞரை, ஏற்கெனவே ரத்தான வாரண்ட்டை வைத்துக்கொண்டு 2002 சுதந்திர தினத்தன்று போலீஸ் கைது செய்தது. அந்த வழக்கு சுப்ரீம் கோர்ட் வரை போய், வாரண்ட்டுகளுக்கு வரிசை எண்ணும் தனி ரிஜிஸ்டரும் வைக்க வேண்டும் என்று 2011-இல் வழிகாட்டுதல் வந்தது. அதனால் நகலைப் போனில் படமெடுத்து வையுங்கள், பர்ஸிலும் ஒரு ஜெராக்ஸ். ஒரு வாரம் கழித்து அதே சி.என்.ஆர். நம்பரைப் போட்டு, ரீகால் ஆனது தினசரிக் குறிப்பில் ஏறியிருக்கிறதா என்று பாருங்கள். ஆப்பில் 'மை கேசஸ்' என்ற இடத்தில் வழக்கைச் சேர்த்து வைத்தால் அடுத்த வாய்தா தேதியும் அங்கேயே தெரியும். சித்தப்பா போனில் நான் சேர்த்துக் கொடுத்திருக்கிறேன், இப்போதெல்லாம் அவரே திறந்து தேதி பார்த்துவிட்டுத்தான் கோவைக்குப் பஸ் ஏறுகிறார்.